அண்ணனுக்குத் திருகாணி, எனக்குப் பாய்

என் இடுப்பு போனது ஒரு சாக்பீஸால். கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். டீச்சர் எதையோ தேடுகிறார் என்று நினைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். ஒரு பெண் காணாமல் போன தன் பென்சிலைக் கண்டுபிடித்து எனக்கு நன்றி சொன்னாள்.

எங்கள் புதூர்நாட்டு மலையில் இது வெளியே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. இங்கே பெண்கள் விறகுக் கட்டோடு ஏறி இறங்குகிறவர்கள். சாமை மூட்டை தூக்கி இடுப்பு போயிருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். பலாப்பழம் இறக்கும்போது போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதை. சாக்பீஸ் எடுத்து இடுப்பு போனவளைப் பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் திருப்பத்தூருக்கும் மலைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். அன்று பயணிகளை இறக்கிவிட்டு வந்து என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வழியில் ஒருவர் கை காட்டினார். வண்டியை நிறுத்தி, "இடம் இல்ல, டீச்சர் படுத்துனு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

வைத்தியம் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. ஒருத்தி எண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தி செங்கல்லைச் சூடாக்கி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர்கள் முதுகில் மிதித்தால் சரியாகிவிடும் என்று மூன்றாவது ஒருத்தி சொன்னாள். எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் அப்படிப் பிறந்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடாமலேயே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு எந்த வேலைக்கும் அவர் அவ்வளவு ஆர்வமாக வந்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு வருத்தம். அப்புறம் நான் முனகும்போதெல்லாம் தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

என் அண்ணன் திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் போன் செய்தார். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தனக்கும் அதே இடத்தில் வலி, என்னைவிட ரொம்ப நாளாக வலி, என்னைவிட அதிகமாக வலி என்று சொன்னார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு அம்மை போட்டால் அவருக்கு அதற்கு முன்னாலேயே போட்டிருக்கும். நான் பத்தாவது தேறினால் அவர் பத்தாவதில் தவறிய கதை அதைவிடப் பெரியதாக இருக்கும். ஆனால் வலி பொய்யில்லை. மூட்டை தூக்கித்தான் அவர் மண்டி முதலாளி ஆனார். முதலாளி ஆன பிறகும், கூலியாட்களுக்குத் தூக்கத் தெரியவில்லை என்று காட்டுவதற்காகவே நாளுக்கு இரண்டு மூட்டையாவது தூக்குவார்.

சில மாதம் மாத்திரையிலும் தைலத்திலும் போனது. குறையவில்லை. எனக்கு உட்கார்ந்தால் வலி, அண்ணனுக்கு நின்றால் வலி. எங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்து யாராலும் பேச முடியவில்லை. கடைசியில் அண்ணனே முடிவெடுத்தார். பெரிய ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, முதுகெலும்புக்கென்றே தனி மாடி, இரண்டு பேரும் போகிறோம், என் வீட்டுக்காரர் ஜீப்பில் கூட்டிப்போகிறார். பேர் சொல்ல மாட்டேன். வாசலில் செயற்கை நீர்வீழ்ச்சி வைத்திருந்தார்கள். நிஜ அருவி இருக்கிற மலையிலிருந்து வந்த நாங்கள் மூன்று பேரும் அதைக் கொஞ்ச நேரம் வாய் பிளந்து பார்த்தோம்.

முதலில் ஒரு பெண் வந்தாள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை, ஆலோசகராம். காப்பீடு இருக்கிறதா என்பது அவளுடைய முதல் கேள்வி, எங்கே வலி என்பது அதற்கடுத்த கேள்வி. எங்கள் இருவருக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். இன்னா வேலை செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்டாள். ஜீப் டிரைவர், அதுவும் மலை ரோடு என்றதும் அவள் முகம் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி ஆனது. டிரைவர்களுக்குத்தான் சார் இடுப்பெலும்பு முதலில் தேயும், கூட வந்தவர்களுக்குச் சலுகை இருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றாள். என் வீட்டுக்காரரை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சார் என்று கூப்பிட்டிருக்கிறார். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்கேன் குழாய்க்குள் இருந்த சத்தம், தகரக் கூரையில் பலாக்கொட்டை கொட்டுகிற சத்தம். முடிந்து டாக்டர் அறைக்குப் போனோம். நல்ல மனிதர், மெதுவான குரல், கையில் அழுக்கே படாதவர். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு நின்றது. இரண்டு எலும்புக்கு நடுவில் குஷன் மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, வயசானால் அது காய்ந்து தேய்ந்துபோகிறது, உங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் தேய்ந்திருக்கிறது என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்தார். உள்ளே டைட்டானியம் கம்பி, ஸ்குரூ. காதுத் தோட்டுக்குத் திருகாணி வைக்கிற மாதிரிப் பெட்டி. தேய்ந்த தட்டை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் இந்தக் கம்பியால் சேர்த்து முடுக்கிவிடலாம், இல்லாவிட்டால் சிலருக்குச் செயற்கைத் தட்டே வைக்கலாம் என்றார். அண்ணன் ஸ்குரூவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இது எந்த ஊர் சரக்கு?" என்று கேட்டார்.

வெளிநாடு என்றார் டாக்டர். அண்ணன் அந்த இடத்திலேயே ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புளியிலேயே உள்ளூர்ச் சரக்கை நம்பாதவர் அவர்.

பிறகு டாக்டர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் மாட்டினார். முதலில் அண்ணனுடைய படத்தைக் காட்டினார். அடுத்த படத்தை மாட்டியதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, உங்களுக்குத்தான் மேடம் ரொம்ப மோசம், மூன்று தட்டு போயிருக்கிறது, ஒன்று பிதுங்கியும் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள், தாமதிக்கக் கூடாது என்றார். அண்ணன் முகம் சுருங்கியது. நான் முந்திவிட்டேன் என்ற வருத்தம். அப்போது படத்தின் மூலையில் இருந்த பேரைப் படித்தேன். என் பேர் இல்லை.

"சார், இது என் வூட்டுக்காரர் படம்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் எங்கள் மூன்று பேர் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். லிப்டில் கூட்டம் என்று படிக்கட்டில் ஏறி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தவர். அன்று காலையில் பலாப்பழ மூட்டைகளை ஜீப் மேல் ஏற்றிவிட்டு வந்தவர். ஒரு நாள்கூட இடுப்பு என்று சொன்னதில்லை.

டாக்டர் தயங்கவே இல்லை. என் படத்தை எடுத்து மாட்டிக்கொண்டே, "அப்போ அவருக்கும் யோசிக்கணும்" என்றார்.

ஆபரேஷன் வேண்டாமென்றால் இன்னா ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவர் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். நிறையப் பேர் பயிற்சியிலேயே ஓட்டிவிடுகிறார்கள், பொறுமை வேண்டும் என்றார். ஆபரேஷன் செய்தாலும் வலி முழுசாகப் போகும் என்று உறுதி கிடையாது என்பதையும் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டிவி விளம்பரத்தின் கடைசியில் நிபந்தனைகளைப் படிப்பார்களே, அந்த வேகத்தில் சொன்னார். அண்ணன் காதில் அது விழவில்லை. வெளியே வந்ததும் ஆலோசகர் பெண் ஒரு யோசனை சொன்னாள். அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே வாரத்தில் செய்துகொண்டால் ஒரே அறை, கூட இருக்க ஒரே ஆள் போதும். அண்ணனுக்கு அது ரொம்பச் சரியாகப்பட்டது. அந்த ஒரே ஆள் அண்ணி என்பதால் அவர்களைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பரீட்சை முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

"பாப்பா, உனக்குப் பயம்" என்றார் அண்ணன்.

பயம்தான். ஆனால் அதைவிட அந்தப் படம்தான் என் மண்டையில் குடைந்தது. எங்கள் மூன்று பேரில் படத்தில் மோசமானவருக்கு வலியே இல்லை. அப்படியென்றால் அந்தப் படம் எதைக் காட்டுகிறது?

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வழக்கம்போல வண்டியை ஓட்டினார். மலை ஏற ஆரம்பித்து நாலைந்து வளைவு தாண்டியதும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இடுப்பில் வைத்தார். இன்னாங்க என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, லேசாகப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த வாரம் மூட்டை ஏற்றுவதை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் குனிந்து செருப்பு மாட்டுவதை நிறுத்தினார். பிறகு ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டுப் படுத்துவிட்டார். ஸ்கேன் படத்தை ஜன்னலில் வைத்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். இத்தனை வருஷம் மலை ரோட்டின் குண்டு குழி செய்ய முடியாததை ஒரு பிளாஸ்டிக் தாள் செய்துவிட்டது. வீட்டில் இரண்டு நோயாளி, சமைக்க ஆள் இல்லை. ஆத்திரத்தில் எனக்கு வலிகூடக் கொஞ்சம் குறைந்தது.

அந்த ஆத்திரத்திலேயே அவரையும் எழுப்பிக்கொண்டு திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நீர்வீழ்ச்சி இல்லை, உட்கார இடமும் இல்லை. எலும்பு டாக்டர் வயதானவர், சிடுசிடுப்பு. படத்தை நீட்டினேன், மேஜைமேல் வை என்றார். குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்னங்காலில் நடக்கச் சொன்னார், சுத்தியலால் முட்டியில் தட்டினார், படுக்க வைத்துக் காலைத் தூக்கினார். கால் மரத்துப்போகிறதா, பாதம் தொங்குகிறதா, ஒன்றுக்குப் போவதில் கஷ்டம் உண்டா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. அதற்கப்புறம்தான் படத்தைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கு ஆபரேஷன் வேணாவாங்க?" என்று கேட்டேன்.

"நரை முடி வந்தா ஆபரேஷன் பண்ணிக்குவியா? உள்ளயும் நரைக்கும்மா" என்றார்.

பின்னால் வரிசை தள்ளிக்கொண்டிருந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னார். என் மாதிரி வெறும் தேய்மானத்தோடு வருகிறவர்களில் கம்பி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அவ்வளவு பெரிய தூரம் இருப்பதில்லை. சிலருக்கு ஆபரேஷனில் சீக்கிரம் சுகம் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது, சிலருக்குப் புண் ஆறாமல் இழுக்கும், வைத்ததைச் சுலபமாக எடுக்கவும் முடியாது. அதனால் முதலில் பயிற்சி. ஆனால் பாதம் தொங்கினால், ஒன்றுக்கு வராமல் நின்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடி வரவேண்டும். அது வேறு கதை. இவ்வளவையும் திட்டுகிற குரலில் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், வயிற்றில் ஒரு தட்டு தட்டி, "போய் வண்டிய எடு" என்றார்.

பாதி வலி அங்கேயே போய்விட்டது என்று அவர் வெளியில் வந்து ஒத்துக்கொண்டார். மீதிப் பாதி போக ஒரு மாதம் ஆனது. படத்தை எடுத்து நான் அரிசி டிரம்முக்கு அடியில் போட்டேன்.

அண்ணன் ஆபரேஷன் செய்துகொண்டார். நான் பாயில் படுத்தேன்.

ஆபரேஷனுக்கு இருக்கிற கௌரவம் பயிற்சிக்குக் கிடையாது. அண்ணனைப் பார்க்க மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் போனார்கள், என் வீட்டுக்காரர் ஜீப்பிலேயே. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். அண்ணன் இடுப்பில் பெல்ட்டோடு அரசர் மாதிரி படுத்திருப்பார். எக்ஸ்ரேவை மண்டி ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளை வெள்ளையாக ஸ்குரூ தெரியும். புளி விற்க வந்தவர்கள் முதலில் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் மூட்டையை இறக்கினார்கள்.

என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. பாயில் படுத்துக் காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கிற ஒருத்திக்கு யார் ஆப்பிள் வாங்கி வருவார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் எப்போதும் போனில் ஒரு கண் வைத்திருப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மெதுவாகச் சரியாகும் மேடம். பயிற்சிகள் அத்தனை சலிப்பானவை. இன்றைக்குச் செய்தால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் மட்டும் உடனே தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் காலி வகுப்பறையில் பாயை விரித்துச் செய்வேன். விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அவர்கள் ஒருநாள் வெளியே வரிசையாகப் படுத்து, என்னைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். விடுதியில் சமைக்கிற அக்கா கையில் கரண்டியோடு நின்று சிரித்தார்கள். திட்டலாம் என்று போனேன். பிள்ளைகள் என்னைவிடச் சரியாகச் செய்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

முதல் சில மாதத்தில் அண்ணன் ஜெயித்தார். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் நேராக நடந்தார். காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது. நான் அப்போதும் கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி, மாட்டை எழுப்புகிற மாதிரி என்னை நானே எழுப்பிக்கொண்டிருந்தேன். தினமும் போன் வரும். இன்னும் பாயில்தான் உருள்கிறாயா என்று கேட்பார். பொறாமை எனக்கு வயிற்றில் எரிந்தது. அந்த டாக்டரின் வெல்வெட் பெட்டி கனவில் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், வந்தது.

ஒருநாள் அண்ணி என்னிடம் தனியாக ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் பயிற்சி சொல்லித்தான் அனுப்பினார்களாம். தினம் நடக்கணும், பாயில் படுத்துக் காலை மடக்கி இடுப்பைத் தூக்கணும். நான் செய்வது எதுவோ அதுவே. அண்ணன் ஒரு நாளும் செய்யவில்லை. உள்ளே வெளிநாட்டுக் கம்பி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு வந்த சந்தோஷத்தை அண்ணிக்குக் காட்டாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. எனக்கும் வலி குறைந்தது. ஜீப்பில் உட்கார்ந்து திருப்பத்தூர் போய் வர முடிந்தது, நின்றுகொண்டு பாடம் நடத்த முடிந்தது. போனில் நான் முழுசாகச் சரியாகிவிட்டதாகச் சொல்வேன். அவரும் முழுசாகச் சரியாகிவிட்டதாகச் சொல்வார். கேட்டால் இந்த ஜில்லாவிலேயே ஆரோக்கியமான இரண்டு பேர் நாங்கள்தான் என்று தோன்றும்.

அண்ணன் பேத்திக்குக் காது குத்து வந்தது. குலதெய்வம் கோயில் மலைக்கு உள்ளே இருக்கிறது. கடைசித் தூரம் ஜீப் போகாது, நடந்துதான் ஏறவேண்டும். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏறினோம். அவர் நிற்காததால் நான் நிற்கவில்லை, நான் நிற்காததால் அவர் நிற்கவில்லை. மேலே போனதும் பந்தி. தரையில்தான் இலை. வயதானவர்களுக்கு என்று ஓரத்தில் நாலு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் எனக்கு ஒன்றை இழுத்துவந்தார். அண்ணன் தரையில் உட்கார்வதைப் பார்த்தேன். எனக்கு எதற்கு என்று நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி.

சாப்பாடு நன்றாக இருந்தது. ரசம் வந்தது, மோர் வந்தது, பாயசம் வந்தது. இலையை மடித்தோம். பந்தி எழுந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் இன்னொரு தடவை மோர் கேட்டார். எனக்கும் என்றேன். அதைக் குடித்தும் ஆகிவிட்டது. அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நான் ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன், இடுப்பு வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணனும் ஒரு கையை ஊன்றியிருந்தார், அவர் காது சிவந்திருந்தது.

"நீ எழுந்துக்கோ" என்றார்.

"நீ பெரியவன், நீ எழுந்துக்கோ ண்ணா."

"பாப்பா, என்னால முடியல" என்றார், உதடு அசையாமல்.

"எனக்கும்" என்றேன்.

சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்த என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். மூன்று தட்டு தேய்ந்தவர், உடனே ஆபரேஷன் செய்யவேண்டியவர், குனிந்து இரண்டு பேரையும் அக்குளில் கைகொடுத்து ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி நிறுத்தினார். தூக்கிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முதுகு சிரித்துக்கொண்டு போனது.

புளியமரத்தடியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மை பேசினோம். ஸ்குரூ வைத்த இடத்தில் வலி இல்லை, அதற்கு மேலே வலிக்கிறது என்றார் அண்ணன். ஒரு வருஷமாக வலிக்கிறதாம். எக்ஸ்ரேவை ஊருக்கே காட்டிவிட்டு வலி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். குளிர் நாளில் காலையில் எனக்குப் புடவை கொசுவம் வைக்கக் குனிய முடிவதில்லை, சுவரில் சாய்ந்துதான் கட்டுகிறேன் என்று நான் சொன்னேன். முன்பு இருந்ததற்கு இப்போது எவ்வளவு தேவலாம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பாதிக்கு மேலே தேவலாம் என்றார் அவர். எனக்கும் பாதிக்கு மேலேதான். இரண்டு வருஷம் போட்டி போட்டு இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தோம். அவர் முதுகில் மட்டும் கீறல் ஒன்று கூடுதல்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாயில இன்னாதான் பண்ற நீ?" என்று கேட்டார்.

முதலில் டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்றால் செய் என்று சொல்லி, பாறையிலேயே படுத்துக் காட்டினேன். காது குத்துக்கு வந்த கூட்டம் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். இப்போது மண்டியில் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, புளி மூட்டைகளுக்கு நடுவில் அண்ணன் பயிற்சி செய்கிறார் என்று அண்ணி சொல்கிறார்கள். வியாபாரிகள் வந்து தட்டினால் கணக்கு பார்க்கிறார் என்று சொல்லவேண்டுமாம்.

அதற்குள் நான் மலையில் ஒரு பிரசங்கி ஆகியிருந்தேன். யாருக்கு இடுப்பு வலித்தாலும் பாயை விரிக்கச் சொல்வேன். ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே வாயை அடைப்பேன். விடுதியில் சமைக்கிற அக்காவும் ஒருநாள் வந்தார்கள். கரண்டியோடு நின்று சிரித்த அதே அக்கா. காலில் வலி இறங்குகிறது, சொல்லிக்கொடுங்க டீச்சர் என்றார்கள். சந்தோஷமாகப் பாயை எடுக்கப் போனேன். அவர்கள் அறைக்குள் நடந்து வந்தபோது ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. அது கழன்றது அவர்களுக்குத் தெரியவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது பாதம் தூக்கவே இல்லை, தொங்கியது.

பாயைச் சுருட்டி வைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஏற்றிய பயணிகளை இறக்கச் சொல்லி, அன்றைக்கே அக்காவைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போனோம். சிடுசிடு டாக்டர் இந்தத் தடவை யாரையும் திட்டவில்லை. உடனே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஆபரேஷன் செய்து, நரம்பை நசுக்கிக்கொண்டிருந்த துண்டை எடுத்தார்கள். கம்பியும் வைக்கவில்லை, ஸ்குரூவும் வைக்கவில்லை. அக்கா இப்போது செருப்போடு நடக்கிறார்கள். பாதத்தில் கொஞ்சம் பலம் குறைவு, அவ்வளவுதான். நான் பிரசங்கத்தை விட்டுவிட்டேன். யாராவது வந்து கேட்டால், முதலில் நடந்து காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் போன் செய்தார். "பாத்தியா, கடைசில ஆபரேஷன்தான" என்றார்.

அவங்களுக்கு எதையும் வைக்கவில்லை, எடுத்தார்கள், அது வேறு இது வேறு என்று விளக்கினேன். நரம்பு நசுங்குவதும் தட்டு தேய்வதும் ஒன்றல்ல என்று பாடமே நடத்தினேன். எடுத்தால் இன்னா வைத்தால் இன்னா, கத்தி வைத்தார்களா இல்லையா என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் புளி விலை பேச மலைக்கு வந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனோம். வழக்கம்போல அவர் எனக்கு முன்னால் நடந்தார். மேட்டில் ஏறும்போது, வேகமாகப் போனால் எனக்கு வலிக்கும் என்று சொன்னேன். உடனே நின்றார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தனக்கு வலித்ததால்தான் நின்றார் என்பது எனக்குத் தெரியும். தங்கச்சியால் நடக்க முடியவில்லை, அவளுக்காக நின்றேன் என்றுதான் அண்ணியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.